ஐந்தால் வகுத்தது

இரண்டாவது காலையும் சூரியனைத் தவறவிட்டோம்.
வடசேரி லாட்ஜின் குளியலறைச் சன்னலில்
பல் துலக்கிக்கொண்டிருந்த பாசில்தான் பார்த்தான்.
"வந்துட்டு" என்றான், வாய் நிறைய நுரையோடு.
யாரும் எழவில்லை.
கடலுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி
ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும்
செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு அறையைக் காலிசெய்ய வேண்டும்.
சார்ஜர் யாருடையது, ஈரத்துண்டு யாருடையது.
கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு.
முட்டத்துப் பாறையில் நேற்று
அலை கொண்டுபோன அதன் ஜோடிக்கு
நிவேதனா எழுந்து நின்று இரங்கல் வாசித்தாள்.
சிரித்தோம்.
சிரித்து முடித்தும் கொஞ்சம் காத்திருந்தோம்,
எப்போதும் பிந்தி வருகிற
ஐந்தாவது சிரிப்புக்கு.

சுடலைமணியோடு பேச்சில்லை, சித்திரையிலிருந்து.
காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம்.
என்னுடையது
எனக்கே இப்போது சின்னதாகத் தெரிகிறது.

ஒல்லியானவன் என்பதால்
பின்சீட்டில் நடு இடம் எப்போதும் அவனுக்கு.
இந்த முறை அங்கே
இரண்டு பை, நேந்திரங்காய் சிப்ஸ்,
ஒரு சீப்பு மட்டிப்பழம்.
வளைவில் உருளாமலிருக்க
பெல்ட்டும் மாட்டிவிட்டிருந்தேன்.

தோவாளையில் சந்தை கலைகிற நேரம்.
"ரெண்டு முழம் பிச்சி" என்றாள் விண்ணரசி.
"மொழக் கணக்கு இஞ்ச கெடையாது மக்கா,
கிலோ கணக்காக்கும்."
பேரம் பேசத் தெரியாதவர்கள் நாங்கள்.
அரைக் கிலோ பூவோடு திரும்பினோம்.
சூடுகிற வழக்கம் இரண்டு பெண்களுக்கும் இல்லை.
வாழையிலைப் பொதி நிவேதனாவின் மடியில்,
நேற்றைய மீன்வாடை எங்கள் கால்களில்.
கார் எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் மணத்தது.

விண்ணரசி கணக்குப் போட்டாள்.
அறை, பெட்ரோல், படகுச் சீட்டு,
குளச்சல் சாலையில் கிழங்கும் மீன்கறியும்
(இரண்டு முறை),
பஞ்சர் ஒட்டியவருக்கு இருநூறு.
மொத்தம் பதினான்காயிரத்து எண்ணூற்று ஐம்பது.
ஆளுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது
என்று குழுவில் போட்டாள்.

ஐந்தால் வகுத்திருந்தாள்.
பத்து வருடமாக அவள் விரலுக்குத் தெரிந்த எண்.
குழுவில் அவனும் இருக்கிறான்.
வெளியேறவில்லை, நாங்களும் நீக்கவில்லை;
மறந்துபோன மாதிரி இருந்துகொண்டிருந்தோம்.

"அழிச்சிரு" என்றான் பாசில்.
"பாத்துட்டான்."

ஆரல்வாய்மொழியில் காற்று
பக்கவாட்டில் வந்து காரைத் தோளால் இடித்தது.
பாசில் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.
மலையடியில் காற்றாலைகள்,
சில ஓடின, சில வெறுமனே நின்றன,
ஒரே காற்றில்.
டீ குடிக்க நிறுத்தினோம்.
கண்ணாடித் தம்ளரிலிருந்து நுரையைக் காற்று வழித்துக்கொண்டு போனது.

அப்போதுதான் விண்ணரசியின் போன் அதிர்ந்தது.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
ஒரு சொல் இல்லை.
கட்டைவிரல் படம்கூட இல்லை.

"திருப்பி அனுப்பிரலாமா?"
"அனுப்பினா அடிச்ச மாதிரி இருக்கும்."
"அப்ப வச்சுக்கிட்டா?"
பாசில் தம்ளரைக் கவிழ்த்து மண்டியைக் கொட்டினான்.
"வச்சுக்கிட்டா, அவன் வந்தான்னு ஆயிரும்."

டீக்கு நான் கொடுத்தேன்.
நாற்பத்தெட்டு ரூபாய்.
அதை எதில் சேர்ப்பதென்று யாரும் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் பழத்தின் பெல்ட்டைக் கழற்றினேன்.
ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டேன்,
ஒன்றைக் காலடியில்.
முட்டி இடித்தது.
நிவேதனா என்னைப் பார்த்தாள்,
தன் பக்கத்து சிப்ஸை எடுத்து முன்னால் நீட்டினாள்.

முப்பந்தல் தாண்டியதும் காற்று விட்டுவிட்டது.
திருநெல்வேலிக்கு அறுபது சொச்சம் என்றது பலகை.
அவன் வீடு வண்ணார்பேட்டையில்.
புறவழியா, ஊருக்குள்ளா என்று
பாசில் கேட்கவில்லை.
ஏசியைக் கூட்டச் சொல்லிவிட்டு
பொதியின் வாயை விலக்கிப் பார்த்தாள் நிவேதனா.
"சாயங்காலத்துக்குள்ள
யார் கையிலயாவது குடுத்துரணும் இத" என்றாள்,
சன்னலைப் பார்த்து.